வாய் கலியபெருமாள், தொண்டை நாயனம்

முப்பத்தொரு வருடம் ஒரே ஸ்டூடியோவில் வேலை பார்த்தவளைச் சால்வை போர்த்தி, கேசரி கொடுத்து வழியனுப்பினார்கள். போன மாதம்தான். கேசரியில் நெய் பத்தவில்லை. எனக்கு மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது, அதை வாய்விட்டுச் சொன்னேன். இப்போது அங்கே ஒலிப்பதிவு பார்க்கும் பிரியா நான் சொன்னதைப் போனில் பிடித்து, திரையில் எதையோ ஒரு தட்டுத் தட்டினாள். ‘கேசரியில நெய் பத்தல’ என்று போன் ரோபோக் குரலில் ராகம் போட்டுப் பாடியது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“இதைச் செய்யறதுக்கா நீங்களும் நஜீர் பாயும் ஒரு மேசை முழுக்க மெஷினை வச்சிக்கிட்டு அல்லாடுனீங்க?” என்று பிரியா கேட்டாள்.

“அல்லாடுனதுலதான் உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுது.”

“அப்படி என்னதான்க்கா நடக்குது உள்ள?”

கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லி முடிகிற விஷயம் இல்லை அது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பிரியாவும் அங்கே வேலை பார்க்கும் மற்ற இரண்டு பேரும் படிப்பார்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன். படிக்காவிட்டால் போனிடம் கொடுத்துப் பாடச் சொல்லிக் கேட்கட்டும்.

நான் குரும்பலூரில் இருந்து பஸ் ஏறி வேலை கேட்டுப் போனபோது எனக்கு ஒலிப்பதிவைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போடும் விளம்பரக் கேசட்டுகளுக்குப் பெண் குரல் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். ஸ்டூடியோக்காரர் நஜீர் பாய் என்னிடம் படிப்பு, அனுபவம் எதையும் கேட்கவில்லை. ஒரு துண்டுத் தாளில் எழுதியிருந்ததை மைக் முன்னால் படிக்கச் சொன்னார். கீழப்பழுவூர், மேலப்பழுவூர், திருமழபாடி. மூன்றே ஊர்கள். படித்தேன். ஹெட்போனைக் கழற்றி, “ழ வருது. நாளைக்கு வந்துடுங்க” என்றார். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் வாழைப்பழத்தை வாளப்பளம் என்றுதான் தின்பார்கள். எனக்கு ழ வந்ததற்குக் காரணம் எங்கள் தமிழ் டீச்சரும் அவர் கையில் இருந்த அடிஸ்கேலும்.

பாய் லப்பைக்குடிக்காட்டுக்காரர். ஷார்ஜாவில் ஒரு ஹோட்டலில் சவுண்ட் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். அவரோடு வந்தவர்கள் தங்கமும் கம்பளமும் கொண்டுவந்தபோது, இவர் கொண்டுவந்தது ஒரு பழைய கீபோர்டு. அதன் தலையில் பாம்புபோல் வளைந்த ஒரு மைக். அவருடைய அம்மா அதைப் பார்த்துவிட்டு, “இது என்னத்தா, அரபி ஆர்மோனியமா?” என்று கேட்டாராம். அதுதான் வோகோடர். ஊரில் அதைப் பேசுற பெட்டி என்றார்கள்.

பாயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோபம் வந்தால் அவர் கத்த மாட்டார், மரியாதை கூடிவிடும். சாதாரணமாக நான் ராஜி. ஏதாவது தப்புப் பண்ணினால் ராஜேஸ்வரி. பெரிய தப்பென்றால் ‘மேடம்’. “மேடம், கொஞ்சம் அந்த ஒயரைத் தப்பான ஓட்டையில இருந்து எடுக்கறீங்களா, சிரமத்துக்கு மன்னிக்கணும்” என்பார். மிக்ஸரின் நெம்புகளை, அதாவது ஒவ்வொரு சத்தத்தையும் ஏற்றி இறக்கும் தள்ளுகட்டைகளை, தன்னைத் தவிர யாரையும் தொடவிட மாட்டார். எது நன்றாக வந்தாலும் நன்றாக இருக்கிறது என்று சொல்லவும் மாட்டார். “இன்னொரு தடவ” என்பார். இன்னொரு தடவையும் நன்றாக வந்தால் டீ சொல்லுவார். டீ வந்தால் பாஸ் என்று நாங்கள் புரிந்துகொள்வோம்.

முதல் வருடத்தை ஒரே வரியில் முடித்துவிடலாம்: ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாய் என் குரலையே பெட்டிக்குள் விட்டு, ஒவ்வொரு பட்டையாகத் திறந்து காட்டினார். பிரியா கேட்ட கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

நாம் பேசும்போது இரண்டு வேலைகள் நடக்கின்றன. தொண்டை சத்தத்தைக் கொடுக்கிறது. வாய் அந்தச் சத்தத்தை அ என்றும் ஈ என்றும் ம என்றும் வடிவமாக்குகிறது. தொண்டை இல்லாமல் வாய் மட்டும் வேலை செய்தால் அதுதான் கிசுகிசுப்பு. வோகோடர் செய்வது என்னவென்றால், ஒருவருடைய வாயை எடுத்து இன்னொன்றின் தொண்டையில் பொருத்துகிறது. என் பேச்சை அது அடிச்சத்தம், நடுச்சத்தம், உச்சச்சத்தம் என்று பதினோரு பட்டைகளாகப் பிரிக்கும். ஒவ்வொரு பட்டையிலும் இந்த நொடியில் எவ்வளவு சத்தம் இருக்கிறது என்று அளக்கும். அந்தப் பக்கம் கீபோர்டின் சுரத்தையும் அதேபோல் பதினொன்றாகப் பிரித்து வைத்திருக்கும். என் பட்டையில் சத்தம் ஏறினால் அந்தப் பட்டைக்கு நேரான மதகைத் திறக்கும், இறங்கினால் மூடும். பதினோரு மதகும் நொடிக்கு எத்தனையோ தடவை திறந்து மூடி, கீபோர்டு என் வாயால் பேசும். நான் எந்த சுரத்தில் பேசினேன் என்பது அதற்குக் கணக்கே இல்லை. விரல் எந்தக் கட்டையில் இருக்கிறதோ அதுதான் சுரம்.

இதை வைத்து நாங்கள் ஆடாத ஆட்டம் இல்லை. கிராமியப் பாட்டுக் கேசட் ஒன்றுக்குக் கோரஸ் பாட வேண்டிய பெண்கள் நாற்று நடவு இருக்கிறது என்று வராமல் போய்விட்டார்கள். பாய் மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்தினார், நான் மைக்கில் வரிகளைப் பேசினேன். நான் ஒருத்தியே மூன்று சுரத்தில் கோரஸ் பாடினேன். அதை நாலு தடவை மேல் மேலே பதிந்தோம், பன்னிரண்டு பேர் ஆனோம். கேசட் அட்டையில் ‘குழுவினர்’ என்று போட்டார்கள். அந்தக் குழுவினர் ஆளுக்கொரு டீ கேட்டபோது மட்டும் பாய் ஒரே டீதான் வாங்கிக் கொடுத்தார்.

இன்னொரு தடவை அரியலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சாலைப் பாதுகாப்புக்கு ஏதாவது ஒலிநாடா வேண்டும் என்றார்கள். அந்தப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி போவதுதான் உங்களுக்குத் தெரியுமே, முன்னால் போகிற சைக்கிளே கண்ணில் படாத புழுதி. நான் ஒரு லாரியின் இஞ்சின் சத்தத்தைப் பதிந்து வந்து, கீபோர்டுக்குப் பதிலாக அதைப் பெட்டிக்குள் கொடுத்துப் பார்த்தேன். இஞ்சின் உறுமிக்கொண்டே “மெதுவாப் போறேன் தம்பி, ஓரமா நில்லு” என்று பேசியது. பள்ளிக்கூடத்தில் போட்டுக்காட்டியபோது பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏறிக் குதித்தார்கள். மறுநாள் அந்த வழியாகப் போன லாரிக்காரர்களிடம் எல்லாம் “மாமா, லாரியைப் பேசச் சொல்லுங்க” என்று கேட்டு உயிரை எடுத்தார்களாம். அன்றைக்கு பாய் இரண்டு டீ சொன்னார்.

இப்படி விளையாட்டாகவே பல வருடம் போயிற்று. கேசட் போனது, சிடி போனது, கம்ப்யூட்டர் வந்தது. பேசுற பெட்டியின் மேல் துணி போர்த்தி ஓரமாக வைத்துவிட்டோம். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் கலியபெருமாள் அண்ணன் வந்ததால்தான் அந்தத் துணியை எடுக்க வேண்டி வந்தது.

அவர் உடையார்பாளையத்துக்காரர். கொஞ்சம் முந்திரித் தோப்பு, மீதி நேரமெல்லாம் பாட்டு. கல்யாணங்களில் தாலி கட்டி முடிந்ததும் மணமக்களுக்கு வாழ்த்துப் பாட்டுப் பாடுவார். மெட்டு எப்போதும் ஒன்றுதான். பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், இரண்டு பேரின் ஊர் எல்லாவற்றையும் மேடையில் நின்றபடியே அந்த மெட்டில் உட்காரவைத்துவிடுவார். எப்பேர்ப்பட்ட பெயரும் உட்காரும். ஜெயங்கொண்டம் பக்கம் கல்யாணப் பத்திரிகையிலேயே அவர் பெயரைப் போடுவார்கள்.

அன்றைக்கு மகளோடு வந்து நின்றவர் வணக்கம் என்று கை குவித்தார், சத்தம் வரவில்லை. மகள் தாமரைதான் பேசினாள்.

“கழுத்துல கட்டி இருந்துச்சுங்க, ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க. அதுலேர்ந்து அப்பாவுக்குக் குரல் இல்ல. வெறும் காத்துதான் வருது. இனிமே வரும்னு உறுதியாச் சொல்ல முடியாதுன்னுட்டாங்க. வூட்டுல யாரையாச்சும் கூப்புடணும்னாக்கூட டம்ளரைத் தட்டித்தான் கூப்புடுறாரு.”

ஏழு வாரத்தில் அவளுக்குக் கல்யாணம். அரியலூரில் மண்டபம் பிடித்தாயிற்று. வாழ்த்துப் பாட்டுக்கு வேறு ஆள் பார்க்கலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்களாம். “அப்பா பாடலன்னா பாட்டே வேணாம்னு சொல்லிட்டேன்ங்க” என்றாள்.

கலியபெருமாள் அண்ணன் என் பக்கமாகக் குனிந்தார். காற்றுத்தான், ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழுந்தது.

“ஊரான் வூட்டுப் பொண்ணுக்கெல்லாம் பாடுனேன் தங்கச்சி. எம்பொண்ணு கல்யாணத்துல ஊமையா நிக்கணுமா?”

பாய் அவருடைய பழைய கேசட் ஒன்று இருப்பதைத் தேடி எடுத்தார். அதைப் போட்டுவிட்டு வாயசைத்தால் போதும் என்றார். அண்ணன் தலையாட்டி மறுத்தார். “அதுல வேற வூட்டுப் பொண்ணு பேருல்ல இருக்கு பாய்.”

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. பாய் இதைப் படித்தால் தனக்குத்தான் முதலில் தட்டியது என்று சண்டைக்கு வருவார். வரட்டும், நான்தான் சொன்னேன். இவருக்குத் தொண்டைதான் இல்லை, வாய் அப்படியே இருக்கிறது. பெட்டிக்கு வேண்டியது வாய் மட்டும்தானே? துணியை எடுத்து, தூசி தட்டி, அவரை மைக் முன்னால் உட்காரவைத்து, நான் அவருடைய மெட்டைக் கட்டையில் வாசித்தேன். அவர் வரிகளைக் கிசுகிசுத்தார்.

குக்கரில் ஆவி போகிற மாதிரி ‘உஸ்ஸ்’ என்று வந்தது. வேறொன்றும் வரவில்லை. தாமரையின் முகம் வாடிவிட்டது.

“மேடம், ரொம்ப நல்லா யோசிச்சிருக்கீங்க” என்றார் பாய்.

நான் விடவில்லை. மூன்று நாள் அதே யோசனை. அந்தப் பெட்டிக்குள் ஒரு காவல்காரன் இருந்தான். ச, ஸ போன்ற எழுத்துகளுக்குத் தொண்டை தேவையில்லை, வெறும் காற்றுத்தான். ஆகவே வருவது சத்தமா, காற்றா என்று அந்தக் காவல்காரன் பார்ப்பான். சத்தம் என்றால் கீபோர்டைத் திறப்பான். காற்று என்றால் கீபோர்டை அடைத்துவிட்டு, பெட்டியே உண்டாக்குகிற ஒரு இரைச்சலைத் திறப்பான். எங்கள் பேச்சுக்கு அது நல்ல ஏற்பாடு. அண்ணனிடம் வருவது முழுக்கக் காற்று. காவல்காரன் அவரைக் கீபோர்டு பக்கம் விடவே இல்லை. பாய் பெட்டியோடு வந்த புத்தகத்தைத் தேடி எடுத்து, பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, அந்த வேலையை நிறுத்தும் வழியைக் கண்டுபிடித்தார். அடுத்த வாரம் அண்ணனை வரச் சொன்னோம்.

அவர் கிசுகிசுத்தார். நான் கட்டையை அழுத்தினேன். ஸ்பீக்கரில் கணீரென்று “மங்கலம் பொங்குது பந்தலிலே” என்று பாட்டு வந்தது. யார் பாடுவது என்று அவர் திரும்பிப் பார்த்தார், நிஜமாகவே திரும்பிப் பார்த்தார். பிறகு புரிந்து, தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார். தாமரை அழுதுகொண்டே கைதட்டினாள். பாய் “இன்னொரு தடவ” என்றார்.

இன்னொரு தடவை கேட்டதும் அண்ணனுக்கு முகம் மாறியது. காற்றில் சொன்னார்: “மாவு மில்லு பாடுற மாதிரி இருக்குது தங்கச்சி.”

அவர் சொன்னது சரிதான். கீபோர்டின் சுரம் கோடு போட்ட மாதிரி நேராகப் போகும், அதில் கமகம் கிடையாது. மனுஷன் மூச்சில் வருகிற சத்தம் ஒன்று தொண்டையாக வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு புல்லாங்குழல்காரரை வரவழைத்தேன். குழல் இனிமையாக ஊதியது, ஆனால் ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஹெட்போனில் பட்டை பட்டையாகக் கேட்டபோது காரணம் தெரிந்தது. குழலின் சத்தம் அடியில் ஒன்றிரண்டு பட்டைகளோடு முடிந்துவிடுகிறது. மேலே மதகு திறந்தால் வருவதற்குத் தண்ணீரே இல்லை. சத்தத்தில் கொஞ்சம் கரகரப்பு வேண்டும், எல்லாப் பட்டையிலும் ஏதாவது இருக்க வேண்டும்.

“நாயனம்” என்றார் பாய். இதை மட்டும் அவர்தான் சொன்னார், மறைக்க மாட்டேன்.

கல்யாணத்துக்கு மேளம் பேசியிருந்த கோவிந்தராசு அண்ணனை அழைத்து வந்தோம். அவருக்கு விஷயத்தைப் புரியவைக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. “நான் ஊதறது வெளிய கேக்காதா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். “கேக்கும்ணே, ஆனா வார்த்தையாக் கேக்கும்” என்றேன். நம்பாமல்தான் சீவாளியை வாயில் வைத்தார். அவர் ஊத, கலியபெருமாள் அண்ணன் கிசுகிசுக்க, நாயனம் தமிழ் பேசியது. கமகம் வளைந்தது, சொல்லும் கூடவே வளைந்தது. கோவிந்தராசு அண்ணன் நாயனத்தை வாயில் இருந்து எடுத்து, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நாப்பது வருசமா ஊதறேன். இதுக்குள்ள இவன் ஒக்காந்திருந்தது தெரியாமப் போச்சே” என்றார்.

எல்லாம் கூடி வந்துவிட்டது என்று நினைத்தபோதுதான் உண்மையான சிக்கல் வந்தது. மாப்பிள்ளை பெயர் எழிலரசன், ஊர் திருமழபாடி. பாட்டின் முடிவில் ‘வாழ்க வாழ்க’ என்று நாலு தடவை வரும். எங்கே திரும்பினாலும் ழ. கலியபெருமாள் அண்ணனோ பிறந்தது முதல் ழ-வை ள என்று சொல்லுகிறவர். குரல் இருந்த காலத்தில் யாரும் அதைக் கவனித்ததில்லை, கேட்கிறவர்களும் அப்படித்தானே சொல்லுகிறார்கள். ஆனால் பதினோரு பட்டையில் ள-வும் ல-வும் ஒன்றாகிவிடும். ஒத்திகையில் ஸ்பீக்கர் கணீரென்று ‘எலிலரசன்’ என்றது. அடுத்து ‘வால்க வால்க’ என்றது. எலியையும் வாலையும் மேடையில் சேர்த்து வைத்துவிட்டோம். திருமழபாடியில் ழ-வுக்குப் பதில் ல வந்தால் என்ன சொல்லாகும் என்று நான் எழுத வேண்டியதில்லை, வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள். கோவிந்தராசு அண்ணனுக்கு ஊத முடியவில்லை. சிரிப்பில் மூச்சு நிற்கவில்லை.

தாமரைக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. “மாப்புள்ளையோட அத்தைக்குச் சும்மாவே எங்க வூட்டு மேல ஒரு எளக்காரம்ங்க. மேடையில வச்சு எலின்னு கேட்டுச்சுன்னா அவ்வளவுதான்” என்றாள். அண்ணன் எழுந்து மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். “விட்டுருவோம் தங்கச்சி. நான் நின்னு கும்பிட்டுட்டுப் போயிடறேன்” என்றார்.

“ஒக்காருங்கண்ணே” என்று கத்தினேன். பாயே திடுக்கிட்டார். எனக்கு அன்றைக்கு அவ்வளவு கோபம். காற்றை எல்லாம் கட்டி மேய்த்துவிட்டு ஒரு எழுத்துக்குத் தோற்றுப்போவதா?

என்னை வேலைக்கு எடுத்ததே அந்த எழுத்துக்காகத்தான். நான் ழ என்று சொல்லி, அதை ஹெட்போனில் பட்டை பட்டையாகக் கேட்டேன். ல என்று சொல்லிக் கேட்டேன். நாக்கு தன் இடத்தில் போய் நின்றுவிட்ட பிறகு இரண்டும் பெட்டிக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ழ-வுக்குள் போகும்போது நாக்கு பின்னால் மடங்க மடங்க, மேல் பட்டையில் இருக்கும் சத்தம் மெல்லக் கீழே சரிந்து வருகிறது. அந்தச் சரிவு காதில் பட்டால் போதும், கேட்கிறவருக்கு அது ழ-தான். அதற்கு எழுத்தை அவசரப்படாமல் இழுத்துச் சொல்ல வேண்டும், உதட்டைக் கொஞ்சம் குவிக்க வேண்டும். இன்னொன்றும் தெரிந்தது. நாயனம் உச்சத்தில் ஊதினால் அதன் சத்தம் பட்டைகளில் விட்டு விட்டுத்தான் விழுகிறது. கீழே இறங்கி ஊதினால் நெருக்கமாக விழுகிறது. ஆகவே பெயர் வருகிற இடத்தில் மெட்டு கீழே இறங்க வேண்டும்.

“பேரு வர்ற எடத்துல மேல தூக்கித்தாம்மா ஊதுவாங்க. நீ எறக்கச் சொல்றியே” என்று கோவிந்தராசு அண்ணன் முறைத்துக்கொண்டார்.

“எலியைத் தூக்கி என்னண்ணே பண்றது? மாப்பிள்ளையா எறங்கட்டும்.”

கலியபெருமாள் அண்ணனுக்கு ஒரு கைக்கண்ணாடியைக் கொடுத்தேன். ஐந்து வாரம், வாரத்துக்கு மூன்று நாள், உடையார்பாளையத்தில் இருந்து பஸ் ஏறி வந்து கண்ணாடியைப் பார்த்து ழ சொன்னார். ஐம்பத்தெட்டு வயதில். சூடான டீயை ஊதுகிற மாதிரி உதட்டை வைக்கச் சொன்னேன். பஸ்ஸிலும் அப்படியே உதட்டைக் குவித்துக்கொண்டு வந்ததில் பக்கத்து சீட்டுப் பெண்மணி கண்டக்டரிடம் புகார் சொன்னதாகவும், விளக்கம் சொல்லத் தன்னிடம் குரல் இல்லாமல் போனதாகவும் எழுதிக் காட்டினார். கடைசி வாரத்தில் ஒருநாள் ஸ்பீக்கர் ‘எழிலரசன்’ என்றது. எல்லாரும் பாயைப் பார்த்தோம். “இன்னொரு தடவ” என்றார். இன்னொரு தடவையும் எழிலரசன்தான். பாய் வாசலுக்குப் போய் ஐந்து டீ சொன்னார்.

பிரியா, நீ ஒரு தட்டில் முடித்த அந்த வேலைக்கு நாங்கள் கல்யாணத்தன்று விடிந்ததும் ஒயர் இழுக்கத் தொடங்கினோம். கம்ப்யூட்டரில் செய்தால் உதடு ஒரு நேரம், சத்தம் ஒரு நேரமாக வந்து தொலைக்கும் என்பதால் பழைய பெட்டியையே கொண்டுபோனோம். நாயனம் மண்டபத்தில் நேராகக் கேட்டால் சொல் விளங்காது. அதனால் கோவிந்தராசு அண்ணனை மேடைக்குப் பின்னால் காய்கறி அறையில், பூசணிக்காய்களுக்கு நடுவில் ஒரு மைக்கோடு உட்காரவைத்துக் கதவைச் சாத்தினோம். தவில்காரரிடம், ஐந்து நிமிடம் கோலைக் கீழே வைக்க வேண்டும், மைக்கில் தவில் விழுந்தால் பெட்டி அதையும் பேச்சென்று நினைத்துக்கொள்ளும் என்று பாய் சொன்னார். அவர் தன் வாழ்நாளிலேயே இப்படி ஒரு அவமானம் பட்டதில்லை என்றார். பாய் அவரை ‘வித்வான் சார்’ என்று அழைத்து மரியாதையைக் கூட்டிக்கொண்டே போனதில் பயந்துபோய்க் கோலை வைத்துவிட்டார்.

மண்டபத்தின் எதிரொலியில் ச-வும் ஸ-வும் அமுங்கிப் போயின. பாய், கலியபெருமாள் அண்ணனுடைய மைக்கில் இருந்து இன்னொரு ஒயரை நேராக மிக்ஸருக்கு இழுத்து, அந்தக் காற்றைத் தனி நெம்பில் வைத்துத் துளியளவு கலந்தார். பெட்டி வழியாகப் பாட்டு, இந்த ஒயர் வழியாக ஓரத்தில் கொஞ்சம் காற்று.

தாலி கட்டி, கெட்டிமேளம் ஓய்ந்தது. கலியபெருமாள் அண்ணன் மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்து மகளுக்கு எதிரே நின்றார். நான் காய்கறி அறைக் கதவில் இருந்த சின்னக் கண்ணாடிக்கு வெளியே. என் வேலை, அண்ணன் மூச்சு எடுக்கும்போது கையைத் தூக்குவது. உள்ளே கோவிந்தராசு அண்ணனும் அதே நேரத்தில் மூச்சு எடுக்க வேண்டும். தொண்டை மூச்சு எடுக்கிற நேரம் வாய் பேசினால் சொல் காணாமல் போய்விடும்.

பாட்டு தொடங்கியது. மண்டபத்தில் இருந்தவர்களுக்குக் கலியபெருமாளின் கதை தெரியும், துக்கம் விசாரித்துவிட்டு வந்தவர்கள்தான் பாதிப் பேர். நாயனம் ‘மங்கலம் பொங்குது பந்தலிலே’ என்று பாடியதும் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். இரண்டாவது அடியில் சமையல்காரர் கரண்டியோடு என்னிடம் வந்தார்.

“தேங்காய் எடுக்கணும்மா, கதவைத் தொற.”

“ஒரு நிமிஷம்ணே.”

“சாம்பாரு கொதிக்குதும்மா!”

“கொதிக்கட்டும்!” ஒரு கையால் அவரைத் தடுத்து, மறு கையைத் தூக்கி மூச்சுக்கு ஜாடை காட்டினேன். அவருக்கு என்ன புரிந்ததோ, அவரும் கரண்டியைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றார்.

பெயர் வரும் இடம் வந்தது. மெட்டு கீழே இறங்கியது. அண்ணன் உதட்டைக் குவிப்பதை நான் தூரத்தில் இருந்து பார்த்தேன். திருமழபாடி என்றது நாயனம். எழிலரசன் என்றது. மாப்பிள்ளையின் அத்தை பக்கத்தில் இருந்தவரிடம் “நம்ம புள்ள பேரை எம்புட்டு அழகாச் சொல்லுது பாரு” என்றாராம், பிறகு தாமரை சொன்னாள். வாழ்க, வாழ்க, வாழ்க, வாழ்க. நாலும் வாழ்க. நான் கையைக் கீழே இறக்கினேன். உள்ளே நாயனம் நின்றது. கைதட்டு ஓய வெகுநேரம் ஆயிற்று.

பாட்டு முடிந்த பிறகும் கலியபெருமாள் அண்ணன் மைக்கை இறக்கவில்லை. மகளைப் பார்த்து அவர் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. நாயனம் நின்றுவிட்டதால் பெட்டியில் இருந்து எதுவும் வரவில்லை. நான் பாயைப் பார்த்தேன். அவர் காற்று வைத்திருந்த அந்தத் தனி நெம்பின் மேல் விரலை வைத்தார். கொஞ்சம் கொஞ்சமாக, யாருக்கும் தெரியாமல், அதை மேலே தள்ளினார்.

முதலில் இரைச்சல். பிறகு மண்டபம் முழுக்க, எட்டு ஸ்பீக்கரிலும், நாயனம் இல்லாமல், ராகம் இல்லாமல், அவருடைய வெறும் மூச்சு வந்தது.

“நல்லா இரும்மா. அப்பாவால சத்தமாச் சொல்ல முடியல. நல்லா இரு.”

தாமரை மாலையோடு எழுந்து நின்றாள். ஆறு மாதமாக அந்த வீட்டில் டம்ளர் சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தவள்.

“கேக்குதுப்பா” என்றாள். “நல்லா கேக்குது.”